தீக்கும் கைக்கும் நடுவே: வாணவேடிக்கை பிறந்த கதை

1443ஆம் ஆண்டு. ஹெராத் நகரத்து சுல்தான் ஷாருக்கின் தூதராகக் கிளம்பிய அப்துர் ரசாக், கடலில் அலைக்கழிந்து, கள்ளிக்கோட்டையில் பல மாதம் தங்கி, கடைசியில் துங்கபத்திரைக் கரையில் இருந்த விஜயநகரத்துக்கு வந்து சேர்ந்தார். அரியணையில் இரண்டாம் தேவராயர். ஊர் மகாநவமிக் கொண்டாட்டத்தில் இருந்தது. அலங்கரித்த யானைகள், பல அடுக்கு மண்டபங்கள், ஆட்டம், பாட்டு என்று கண்டதையெல்லாம் வியந்து எழுதிய தூதர், வாணவேடிக்கையையும் மறக்காமல் குறித்துவைத்தார். தென்னாட்டில் வாணவேடிக்கை நடந்ததற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அதுவும் ஒன்று. அந்த வாணங்களைக் கொளுத்தியவர்கள் யார் என்பது மட்டும் அவர் குறிப்பில் இல்லை. அந்தப் பெயர் தெரியாதவர்களின் கைகளைப் பற்றியதுதான் இந்தக் கதை.

கரிமருந்து சீனத்தில் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் பிறந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் அளவோடு சேர்ந்தால் தீ சீறும் என்பதை அங்கே கண்டுகொண்டார்கள். அந்த அறிவு வணிகர்களோடும் படைகளோடும் நாடு நாடாக நடந்தது. ஒடிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்ரர் (1497 முதல் 1539 வரை ஆட்சி) பெயரால் வழங்கும் ‘கௌதுக சிந்தாமணி’ என்ற வடமொழி நூலில் வாணங்களுக்கான கலவைகள் வரிசையாக இருக்கின்றன. வெடியுப்பு, கந்தகம், கரி இவற்றோடு இரும்புப் பொடி சேர்த்தால் பொன்னிறப் பூ சிதறும் என்பது அப்போதே இங்கே தெரிந்திருந்தது. கலவை தெரிந்தது, குழல் தெரிந்தது, அளவும் தெரிந்தது. ஒன்றுக்குத்தான் வழியில்லை. ஒவ்வொரு வாணத்துக்கும் ஒருவர் பந்தத்தோடு கிட்டே போக வேண்டியிருந்தது. நூறு வாணம் ஒரே நொடியில் எழ வேண்டும் என்று அரசர் ஆசைப்பட்டால், நூறு பேர் தீயை எட்டித் தொட வேண்டும்.

அந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு காகிதக் குழாய். பருத்தி நூலைக் கரிமருந்துக் குழம்பில் தோய்த்துக் காயவைத்தால் அது திரி. வெளியே வைத்துக் கொளுத்தினால் விநாடிக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று நிதானமாக எரியும். அதையே யாரோ ஒருவர் சற்றுத் தளர்வான காகிதக் குழாய்க்குள் போட்டுக் கொளுத்தினார். காற்றில்லாத இடத்தில் அது அணைந்துபோகும் என்றோ, இன்னும் மெதுவாக எரியும் என்றோதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது தலைகீழ். எரியும் இடத்தில் பிறந்த சூடான வாயு வெளியேற இடமில்லாமல் குழாயின் இடைவெளி வழியே முன்னால் பாய்ந்து, இன்னும் எரியாத திரியையும் பற்றவைத்தது. அங்குலக் கணக்கில் ஊர்ந்த தீ விநாடிக்குப் பல அடி ஓடத் தொடங்கியது. இனி ஒரு முனையில் ஒருவர் கொளுத்தினால் போதும், நூறு வாணத்துக்கும் தீ தானே போய்ச் சேரும். ஐரோப்பிய அரசர்கள் இதைக் கண்டு மயங்கினார்கள். மரத்தால் மாளிகை கட்டி, அதன் உடம்பெல்லாம் வாணங்களைச் செருகி, இந்த ஓடும் திரியால் இணைத்தார்கள். அப்படி இணைத்ததன் விலை என்ன என்பது லண்டனில் ஒரு மழைநாளில் தெரிந்தது.

1749 ஏப்ரல் 27. நீண்ட போர் ஒன்று உடன்படிக்கையில் முடிந்ததைக் கொண்டாட, லண்டன் கிரீன் பார்க்கில் 400 அடிக்கு மேல் நீளமும் 100 அடிக்கு மேல் உயரமும் கொண்ட பெரும் மண்டபம் எழுந்திருந்தது. வடிவமைத்தவர் செர்வாந்தோனி. வாணங்களுக்காக இத்தாலியின் பொலோஞா நகரிலிருந்து கயட்டானோ ருஜ்ஜியேரியும் ஜியூசெப்பே சார்த்தியும் வந்திருந்தார்கள். இசைக்கு ஹேண்டல். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஈரத்தில் பல திரிகள் பற்ற மறுத்தன. பற்றியவையோ போகக்கூடாத பக்கம் போயின. மண்டபத்தின் ஒரு சிறகு கொழுந்துவிட்டு எரிந்தது. ஆத்திரத்தில் செர்வாந்தோனி வாளை உருவிக்கொண்டு வாண ஏற்பாடுகளின் பொறுப்பாளர் மீது பாய, காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹேண்டலின் இசை நிலைத்தது, மண்டபம் நிலைக்கவில்லை. ஓடும் திரி கையை விடுவித்தது உண்மை. ஆனால் அது எங்கே ஓட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. 21 ஆண்டுகள் கழித்து, அதைவிடக் கொடிய பாடம் ஒன்று காத்திருந்தது.

1770 மே 30. இளவரசர் லூயிக்கும் மேரி ஆன்ட்வானெத்துக்கும் நடந்த திருமணத்தைக் கொண்டாட பாரிஸில் வாணவேடிக்கை. அங்கும் அலங்கார மேடை ஏடாகூடமாகத் தீப்பிடித்தது. வேடிக்கை முடிந்து கலைந்த கூட்டம் குறுகலான தெருவுக்குள் முட்டிமோதியது. அரசுக் கணக்கின்படியே 132 பேர் மிதிபட்டும் நெரிபட்டும் இறந்தார்கள். தீயின் தவறு ஒன்று, கூட்டத்தை நிறுத்திய இடத்தின் தவறு இன்னொன்று. வாணத்துக்கும் மக்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்ற கேள்வி அன்று 132 உயிர்களின் பெயரால் எழுந்தது. அதற்கு விடை தேடுகிற பொறுமை அந்த நூற்றாண்டுக்கு இல்லை. அதன் கவனமெல்லாம் போரில் இருந்தது. அந்தப் போர்களில் சில இன்றைய தர்மபுரியின் மண்ணில் நடந்தன.

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது பாராமகால் சீமை. மைசூரிலிருந்து கீழே இறங்கும் கணவாய்கள் இந்தச் சீமை வழியாகத்தான் திறந்தன. அதனால் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் நடந்த சண்டைகளில் இங்குள்ள கோட்டைகள் மாறி மாறிக் கைமாறின. ஹைதரின் படையில் வாணம் எய்யத் தனி அணிகள் இருந்தன. அந்த வாணம் திருவிழா வாணத்தின் உடன்பிறப்புதான். மூங்கிலும் காகிதமும் இருந்த இடத்தில் இரும்புக் குழல் வந்திருந்தது. ஏறக்குறைய ஒரு சாண் நீள இரும்புக் குழலில் மருந்தை இறுக்கி அடைத்து, நீண்ட மூங்கில் கழியில் தோல்வாரால் கட்டினார்கள். காகிதக் குழல் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அழுத்தம் கூடக்கூட வேகமும் தூரமும் கூடின. ஒரு கிலோமீட்டர் தாண்டியும் பாய்ந்தன. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறி, கும்பினிப் படை நிலைகுலைந்தபோது, அதற்கு மைசூர் வாணங்களே காரணம் என்று பேசப்பட்டது. வாணத்தின் வலிமையை உலகம் கண்டுகொண்டது. அதன் வண்ணம் அப்போதும் பொன்னும் வெள்ளையும்தான். வண்ணத்தின் கதவு எட்டு ஆண்டு கழித்து, பிரான்சில் ஒரு காலைச் சிற்றுண்டி நேரத்தில் திறந்தது.

வேதியியலர் பெர்த்தொலே பொட்டாசியம் குளோரேட் என்ற புதிய உப்பைத் தயாரித்திருந்தார். வெடியுப்புக்குப் பதில் இதைப் போட்டால் கரிமருந்து இன்னும் வீரியமாகும் என்று தோன்றியது. 1788 அக்டோபரில் எஸோன் மருந்தாலையில் சோதனை வைத்தார்கள். லவாசியே, அவர் மனைவி, பெர்த்தொலே ஆகியோர் கலவை இடிபடுவதைப் பார்த்துவிட்டுச் சிற்றுண்டிக்காக நகர்ந்தார்கள். பின்னால் ஆலை வெடித்தது. திரும்பி வருவதற்குள் ஆலை மேலாளரும் ஓர் இளம்பெண்ணும் உயிரிழந்திருந்தார்கள். சில நிமிடம் முன்னதாக நடந்திருந்தால் நவீன வேதியியலின் தந்தையான லவாசியேவே போயிருப்பார். போருக்கு உதவாத அந்த உப்பை எவரும் தூக்கி எறிந்துவிடவில்லை. அதன் வேலை வேறு இடத்தில் இருந்தது.

இதற்கிடையில் பாராமகால் கைமாறியது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சீமையைக் கும்பினிக்கு விட்டுக்கொடுக்க, அதை நிர்வகிக்க அலெக்ஸாண்டர் ரீட் வந்தார். அவருக்குத் துணையாக வந்த இளைஞர் தாமஸ் மன்றோ தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்து ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். பின்னாளில் மதராஸ் கவர்னர் ஆனவர் அவர்தான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணமும் விழுந்தது. கோட்டையில் கிடைத்த வாணங்களில் சில கப்பலேறி இங்கிலாந்தின் வூலிச் ஆயுதச்சாலைக்குப் போயின. அங்கே அவற்றை ஆராய்ந்த வில்லியம் காங்கிரீவ் சில ஆண்டுகளில் தன் பெயரால் ராக்கெட்டுகளைச் செய்தார். ஆனால் மைசூரிலும் வூலிச்சிலும் வாணத்தின் ஒரு குறை மட்டும் தீரவில்லை. கிளம்பிய பிறகு அது யார் சொல்லையும் கேட்பதில்லை.

கழி கட்டிய வாணம் காற்றடிக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மேலே போய் வெடித்த பின் கழி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. தன்னைத் தூக்கிச் செல்லும் மருந்தைத் தானே சுமப்பதால், மேலே மலரவேண்டிய பூவுக்கு அதில் இடமும் குறைவு. பெரிய பூ வேண்டுமென்றால் பெரிய வாணம் வேண்டும், பெரிய வாணத்துக்கு இன்னும் பெரிய கழி வேண்டும். போருக்குச் சரி, திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல் இது ஆகாது. தூக்கும் மருந்தைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பூவை மட்டும் மேலே அனுப்ப முடியுமா? இதற்கான விடையும் போர்க்களத்தில்தான் கிடந்தது. கோட்டைச் சுவருக்கு மேலே குண்டைத் தூக்கி எறிந்த, வாய் வானத்தைப் பார்த்த குட்டைப் பீரங்கி அது.

அந்தப் பீரங்கி சாதுவான குழாயாக மாறியது. குண்டுக்குப் பதில் காகிதத்தால் செய்த உருண்டை. இன்று வாணக்காரர்கள் ஷெல் என்று சொல்வது அதைத்தான். ஷெல்லின் அடியில் தூக்குமருந்து இருக்கும். அது குழாய்க்குள் எரிந்து, வாயுவின் அழுத்தத்தால் ஷெல்லை மேலே உதைத்துத் தள்ளும். அதே நொடியில் ஷெல்லின் உடம்பில் செருகிய தாமதத் திரியும் பற்றிக்கொள்ளும். ஷெல் ஏறும் நேரமெல்லாம் அந்தத் திரி உள்ளே எரிந்துகொண்டே போகும். உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது தீ நடுவில் உள்ள வெடிமருந்தைத் தொட வேண்டும். சுற்றி அடுக்கிய மருந்து உருண்டைகள், சிவகாசியில் மணி மருந்து என்று சொல்பவை, எரிந்துகொண்டே எல்லாத் திசையிலும் சிதறும். ஒரே தீயில் இரண்டு கடிகாரம். ஒன்று உடனே, ஒன்று சில விநாடி கழித்து. இரண்டாவது கடிகாரம் முந்தினால் ஷெல் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். பிந்தினால் ஆட்களின் நடுவே வந்து விழுந்து வெடிக்கும். அந்த அரை விநாடியை அடக்குவதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கைகளும் கண்களும் பலியாயின.

கடிகாரம் சரியானபோது எஸோனில் உயிரெடுத்த அந்த உப்பு திரும்பி வந்தது. 1830கள் வாக்கில் ஐரோப்பிய வாணக்காரர்கள் பொட்டாசியம் குளோரேட்டை மணி மருந்தில் சேர்த்தார்கள். அது அதிகச் சூட்டோடு எரிந்தது, கூடவே குளோரினும் தந்தது. அந்தக் குளோரினோடு சேர்ந்த உலோகங்கள் தங்கள் தங்கள் நிறத்தைக் காட்டின. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம். சோடியத்துக்கோ குளோரின் துணையும் வேண்டியதில்லை, அதன் மஞ்சள் தானாகவே வந்தது. இவற்றில் நீலம் இன்றும் வாணக்காரர்களைச் சோதிக்கும் நிறம். சூடு கொஞ்சம் கூடினாலும் நீலம் தரும் மூலக்கூறு உடைந்து வெளிறிவிடும். ஆயிரம் ஆண்டு பொன்னிறமாக இருந்த வானம் ஒரு தலைமுறைக்குள் வண்ணமானது. ஆனால் குளோரேட்டும் கந்தகமும் ஒரே கலவையில் சேர்ந்தால் ஓர் உரசல் போதும், தீக்குச்சியே வேண்டாம். வண்ணத்தோடு ஆபத்தும் ஒரே பொட்டலத்தில் வந்திருந்தது. பிரிட்டன் 1894இல் அந்தக் கூட்டைத் தடைசெய்தது. இந்தியா தடைசெய்ய 1992 வரை ஆனது. நடுவில் கழிந்த அந்த நூறு ஆண்டில்தான் வாணத்தொழில் தமிழ்நாட்டில் வேர்விட்டது.

அதற்கு முன் ஜப்பான் ஒரு காரியம் செய்தது. ஐரோப்பிய ஷெல் பெரும்பாலும் உருளை வடிவம், அதனால் பூ ஒரு பக்கமாகச் சிந்தும். ஜப்பானிய வாணக்காரர்கள் முழு உருண்டையாகச் செய்தார்கள். உள்ளே மணி மருந்தை ஒழுங்காகச் சுற்றி அடுக்கி, நடுவில் பலமான வெடிமருந்தை வைத்து, வெளியே காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டினார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தம் என்பதால் எல்லா மணியும் ஒரே வேகத்தில் போயிற்று. மலர்ந்த சாமந்தியைப் போல, எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் வட்டம் தெரிந்தது. ஒரு மணிக்குள்ளேயே அடுக்கடுக்காக வெவ்வேறு கலவை பூசியதால், பறக்கும்போதே சிவப்பு பச்சையாக மாறியது. குழாய், கடிகாரம், வண்ணம், வட்டம் எல்லாம் கூடிவிட்டன. இவற்றைச் செய்யும் கை மட்டும் இங்கே இல்லை. இந்தியாவின் கடைகளில் இறக்குமதிச் சரக்கு குவிந்திருந்தது.

1920களின் தொடக்கத்தில், மழை பொய்த்த சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் கற்கப் போனது பட்டாசுத் தொழிலை அல்ல, தீப்பெட்டித் தொழிலை. சில மாதம் கற்றுத் திரும்பி வந்து தொடங்கியதும் தீப்பெட்டிதான். பயிருக்குப் பகையாக இருந்த வறண்ட காற்று மருந்து உலர்வதற்குத் துணையானது. தீக்குச்சியிலிருந்து வண்ண மத்தாப்புக் குச்சி, அதிலிருந்து மத்தாப்பு, பட்டாசு என்று தொழில் படியேறியது. இரண்டாம் உலகப் போர் வந்து இறக்குமதியை நிறுத்தியதும் உள்நாட்டுச் சந்தை முழுவதும் சிவகாசிக்குத் திறந்தது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் 1940இல் வந்த விதிகள் உரிமம், அறை, இருப்பு என்று வரையறை வைத்தன. இன்றும் சிவகாசி ஆலைகளில் மருந்து அறைகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கின்றன. அறைக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. விதி மீறப்பட்ட அறைகளின் செய்திதான் ஆண்டுதோறும் வருகிறது. ஷெல் ஆலையை விட்டு மைதானத்துக்கு வந்த பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருந்தது. தீ வைக்க இன்னும் ஒருவர் குழாய்க்குக் கிட்டே குனிய வேண்டியிருந்தது.

அந்தக் கடைசிக் கையை விலக்கியது கல்லுடைக்கும் தொழில். 19ஆம் நூற்றாண்டில் சுரங்கங்களிலும் குவாரிகளிலும் பாறை தகர்க்கும் தொழிலாளிகள் திரியைக் கொளுத்திவிட்டு ஓடினார்கள். திரி முந்தினால் ஆள் இல்லை. பிந்தினால், அணைந்துவிட்டது என்று நம்பித் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. இதற்கு மாற்றாக, மெல்லிய உலோகக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சிவக்கவைத்து மருந்தைப் பற்றவைக்கும் முறையை அங்கே கண்டார்கள். 1870களில் அமெரிக்காவில் ஜூலியஸ் ஸ்மித் அதை நம்பகமான கருவியாக்கினார். 20ஆம் நூற்றாண்டில் அதே உத்தி வாணத்துக்கு வந்தது. முடி போன்ற கம்பியின் நுனியில் ஒரு துளி மருந்து, அதிலிருந்து நீளும் இரண்டு ஒயர், இதுதான் மின் திரி. ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் துளி பற்றும், ஷெல் கிளம்பும். ஹைதரின் காலத்தில் வாணக்காரர் கழியைப் பிடித்து நின்ற இடத்துக்கும், பொத்தானை அழுத்துபவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே நூறு மீட்டர் விழுந்தது. பிறகு கணினியும் சேர்ந்தது. எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்று நினைக்கும் வேளையில் கொல்லம் வந்தது.

2016 ஏப்ரல் 10, விடியாத வேளை. கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயில். அனுமதி மறுக்கப்பட்ட போட்டி வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது. மேலே போக வேண்டிய ஒரு வெடியின் தீ, மீதிச் சரக்கு வைத்திருந்த கொட்டகையில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வானத்தில் வெடித்தது யாரையும் கொல்லவில்லை, காத்திருந்த சரக்குதான் கொன்றது. பாரிஸ் கேட்ட தூரம் வாணத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே வந்திருந்தது. வாணத்துக்கும் கிடங்குக்கும் நடுவே வரவில்லை. 2024இல் மத்திய அரசு கிடங்குக்கும் வெடிக்கும் இடத்துக்கும் 200 மீட்டர் என்று அறிவித்தபோது கேரளத்துத் திருவிழாக்காரர்கள் கொதித்தார்கள், மைதானங்கள் அவ்வளவு பெரிதில்லை என்றார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பது பரவூர்க்காரர்களுக்குத் தெரியும்.

இந்த நீண்ட வழியைக் கடந்துதான், தர்மபுரிப் பக்கத்துத் திருவிழா நோட்டீஸில் தேரோட்டத்துக்கும் தெருக்கூத்துக்கும் நடுவே ‘கண்கவர் மாபெரும் வாணவேடிக்கை’ என்ற ஒற்றை வரி வந்து உட்காருகிறது. பத்து நிமிடக் காட்சி. பெரிய அளவில் முறையாக நடத்தும் வாணவேடிக்கையில் அந்தப் பத்து நிமிடத்துக்கான வேலை காலையிலேயே தொடங்கிவிடும்.

முதலில் பார்ப்பது காற்று. அது கூட்டத்தின் பக்கமிருந்து வெட்டவெளிக்கு வீசும் இடமாகத் தேட வேண்டும். எரிந்த காகிதமும், வெடிக்காமல் திரும்பும் ஷெல்லும் விழ ஆளில்லாத நிலம் வேண்டும். ஷெல்லின் குறுக்களவு ஓர் அங்குலம் கூடினால் உயரம் ஏறக்குறைய 100 அடி கூடும். 3 அங்குல ஷெல் 300 அடியில் மலரும், 6 அங்குலம் 600 அடியைத் தொடும். அதே கணக்கில் ஆட்களும் பின்னுக்குப் போக வேண்டும். அமெரிக்க விதி அங்குலத்துக்கு 70 அடி என்று வைக்கிறது. குழாய்கள் கனமான பிளாஸ்டிக்கிலோ கண்ணாடி இழையிலோ இருக்கும். இரும்புக் குழாய் உடைந்தால் அதன் சில்லே குண்டாகிவிடும் என்பதால் இந்த மாற்றம். சிறியவற்றை மரச் சட்டங்களில் வரிசையாகப் பூட்டுவார்கள். பெரியவற்றை மணலில் பாதிக்கு மேல் புதைத்து, வாயைக் கூட்டத்துக்கு எதிர்ப்புறம் லேசாகச் சாய்ப்பார்கள்.

அடுத்தது ஷெல் இறக்குவது. குழாயின் வாய்க்கு மேல் தலையை நீட்டாமல், ஓடும் திரியைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும், போட்டுவிடக் கூடாது. லண்டனில் தப்பான பக்கம் ஓடிய அந்தத் திரி இங்கே ஒரு முழ நீளத்துக்குச் சுருங்கி, குழாயின் வாயிலிருந்து ஷெல்லின் அடிவரை தீயைக் கொண்டுபோகும் வேலையை மட்டும் செய்கிறது. வெளியே நிற்கும் நுனியில் மின் திரி. குழாய் வாயை மெல்லிய உறையால் மூடுவார்கள். கிரீன் பார்க்கைக் கெடுத்த மழையும், பக்கத்துக் குழாயின் பொறியும் உள்ளே போகாமல் இருக்க அந்த உறை. ஒயர்களெல்லாம் எண் போட்ட பெட்டிகளில் சேர்ந்து, அங்கிருந்து ஒற்றைக் கேபிளாகத் தூரத்தில் உள்ள மேசைக்குப் போகும். பற்றவைக்க முடியாத அளவுக்குச் சிறிய மின்சாரத்தை ஒவ்வொன்றிலும் அனுப்பி, இணைப்பு உண்டா என்று சோதிப்பார்கள். அதற்குள் எல்லோரும் குழாய்களை விட்டு விலகியிருக்க வேண்டும். சாவி பொறுப்பாளரின் பையில் இருக்கும். அது பெட்டியில் நுழையும்வரை ஒரு பொறியும் பிறக்காது.

பிறகு நேரக் கணக்கு. 3 அங்குல ஷெல் மலர இரண்டரை விநாடி ஆகும், 6 அங்குலம் நான்கு விநாடிக்கு மேல் எடுக்கும். மேளத்தின் ஓர் அடியில் இரண்டும் சேர்ந்து மலர வேண்டும் என்றால் பெரியதை முன்னாலும் சிறியதைப் பின்னாலும் எய்ய வேண்டும். கணினி அதை விநாடியின் பின்னங்களில் கணக்கிட்டு வைத்திருக்கும். காட்சி முடிந்து ஊர் கைதட்டும்போதும் வாணக்காரர்கள் அசைய மாட்டார்கள். எழாமல் குழாயில் தங்கிய ஷெல் ஒன்று எங்காவது புகைந்துகொண்டிருக்கலாம். சாவியை உருவி, காத்திருந்து, பிறகுதான் விளக்கோடு உள்ளே போவார்கள். விடிந்ததும் வயல் வயலாக இன்னொரு தேடல் நடக்கும், காலையில் அந்தப் பக்கம் விளையாட வரும் பிள்ளைகளுக்காக.

அப்துர் ரசாக் குறிப்பிடாமல் விட்ட அந்தக் கை, ஏறக்குறைய ஆறு நூற்றாண்டில் தீயை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. வண்ணத்தையும் உயரத்தையும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். வாணவேடிக்கையின் உண்மையான கண்டுபிடிப்பு இந்தத் தூரம். ஒவ்வொரு அடியும் யாரோ ஒருவர் உடல் கருகிய பிறகு சேர்ந்தது. அந்தத் தூரம் எல்லாக் கைகளுக்கும் கிடைத்துவிட்டதா என்ற கேள்விக்குத் தர்மபுரி மாவட்டமே விடை வைத்திருக்கிறது.

2023 மார்ச்சில் பென்னாகரம் வட்டம் நாகதாசம்பட்டியில் பட்டாசு தயாரிக்கும் இடம் வெடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில், கடையும் கிடங்குமாக இருந்த ஒரு கட்டடத்தில் வண்டியிலிருந்து பட்டாசுப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 14 பேர் அங்கேயே இறந்தார்கள், பின்னர் எண்ணிக்கை கூடியது. அவர்களில் பலர் அரூர் பக்கத்து அம்மாபேட்டைப் பிள்ளைகள். தீபாவளிக்கு முன் சில வாரம் வேலை பார்த்தால் படிப்புக்கும் வீட்டுக்கும் ஆகும் என்று போனவர்கள். வாணம் எய்யும் மைதானத்தில் தேர்ந்த கையும் நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. அந்தக் கிடங்கில், பயிற்சியே இல்லாத இளைஞர்கள் சரக்கின் நடுவே நின்றார்கள்.

புதிய வண்ணமோ புதிய உயரமோ இந்தத் தொழிலுக்கு இப்போது அவசரமில்லை. மைதானத்தில் ஷெல்லுக்குக் காட்டும் கவனத்தைப் பெட்டிக்கும் காட்டினால் போதும். விற்கும் இடத்திலிருந்து கிடங்கு விலக வேண்டும், உரிம அளவுக்கு மேல் ஒரு பெட்டியும் ஏறக்கூடாது, இறக்குபவர்களுக்குப் பயிற்சியும் வெளியேற இரண்டாவது வாசலும் வேண்டும். இவற்றில் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எல்லாம் தெரிந்தவைதான். ஓடும் திரிக்கும் ஷெல்லுக்கும் மின் திரிக்கும் நூற்றாண்டுகள் பிடித்தன. இதற்கு ஒரு பருவத்து முயற்சி போதும். அம்மாபேட்டையிலிருந்து அடுத்த தீபாவளிக்கு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைக்கும் அந்த நூறு மீட்டர் கிடைக்கும் நாளில்தான் வாணவேடிக்கை பிறந்த கதை முழுமையாகும்.